கேளுங்கள் சொல்கிறோம்: 500 டாலர் ஆட்டக்காரர்

கேள்வி: அமெரிக்க ஃபுட்பாலில் முதன்முதலாகக் காசு வாங்கிக்கொண்டு ஆடியவர் ஜான் பிரேலியர், வாங்கியது 10 டாலர் என்று படித்தேன். சரிதானா?

பதில்: ரொம்ப காலம் எல்லோரும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்கள். 1895-இல் பென்சில்வேனியாவின் லாட்ரோப் ஊர் அணிக்கு ஆட பிரேலியர் 10 டாலரும் செலவுக்காசும் வாங்கியது உண்மை. ஆனால் மூன்று வருஷம் முந்தியே வில்லியம் ஹெஃபல்ஃபிங்கர் 500 டாலரைச் சத்தமில்லாமல் பையில் போட்டிருந்தார்.

மின்னியாபொலிஸ்காரர். யேல் பல்கலைக்கழக அணியில் கார்டு, அதாவது முன்வரிசையில் நின்று எதிரணியை மறிப்பவர். 1889, 90, 91 என மூன்று வருஷமும் நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் அகில அமெரிக்க அணிப் பட்டியலில் இடம். செல்லப்பெயர் 'பட்ஜ்', அதாவது குண்டன். ஆறடிக்கு மேல் வளர்ந்து தூண் மாதிரி நின்ற ஆளை ஏன் அப்படிக் கூப்பிட்டார்களோ! எதிரணி ஆப்பு வடிவில் நெருக்கியடித்துக்கொண்டு வந்தால், முழங்காலை முன்னே நீட்டி அதன் மேலேயே பாய்ந்து கலைப்பாராம்.

படிப்புக்கு அப்புறம் ஒமாஹாவில் ரயில்வே வேலை. சம்பளமில்லாத விடுப்பு போட்டுவிட்டு சிகாகோ கிளப் அணியோடு சுற்றிக்கொண்டிருந்தவரையும் கூட ஆடிய ஏம்ஸையும், உள்ளூர்ப் பகையாளியான பிட்ஸ்பர்க் கிளப்பைத் தோற்கடிப்பதற்காக அலகேனி கிளப்காரர்கள் ஆளுக்கு 250 டாலர் என்று கூப்பிட்டார்கள். காசு வாங்காமல் ஆடும் அமெச்சூர் என்ற பெயர் கெட்டுவிடும் என்று ஏம்ஸ் ஒதுங்கிக்கொண்டார். நம்ம ஆள் 500 தந்தால் வருகிறேன் என்றார், தந்தார்கள்.

1892 நவம்பர் 12. ஹெஃபல்ஃபிங்கரைப் பார்த்ததும் பிட்ஸ்பர்க் அணி கொதித்துப்போய் களத்தைவிட்டே வெளியேறியது. கட்டிய பந்தயமெல்லாம் செல்லாது என்று பேசி முடித்த பிறகுதான் ஆட்டம் நடந்தது. ஹெஃபல்ஃபிங்கர் எதிரணிக்காரரிடமிருந்து பந்தைத் தட்டிவிட்டு, அதையே எடுத்துக்கொண்டு எதிரணியின் எல்லைக்கோடு வரை ஓடி டச்டவுன் போட்டார். 4-0, ஆட்டத்தில் விழுந்த புள்ளிகளே அவ்வளவுதான். (டச்டவுனுக்கு 6 அல்லவா என்று அடுத்த கடிதம் வரும். அப்போது 4 தான்.)

பணம் கைமாறியது எப்படித் தெரிந்தது என்றால், அலகேனி கிளப்பின் வரவுசெலவுத் தாளில் ஹெஃபல்ஃபிங்கர் ஆடியதற்கு ரொக்கம் 500 டாலர் என்று யாரோ நேர்மையாக எழுதி வைத்துவிட்டார். அது வெளிச்சத்துக்கு வந்தது பல பத்தாண்டுகள் கழித்து, 1954-இல் அவர் இறந்த பிறகு.

அந்தத் தாளை ஒஹாயோவின் கேன்டனில் இருக்கும் புரோ ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேம் என்ற புகழரங்கம் தொழில்முறை ஆட்டத்தின் பிறப்புச் சான்றிதழ் என்று கொண்டாடுகிறது. கல்லூரி ஃபுட்பால்காரர்கள் 1951-லேயே தங்கள் ஹாலில் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். கேன்டன் பட்டியலில் மட்டும் அவர் பெயர் இல்லை.