பந்திக்கு யார் முந்துவது?

கேள்வி: எங்கள் சபையின் ஆண்டு விழா அன்பின் விருந்தில் கமிட்டியாருக்கும் நன்கொடை தந்தவர்களுக்கும்தான் முதல் பந்தி. ஞாயிறு மீன் ஏலம் முடிந்து, மீன் வெட்டும் பெண்களும் லோடு தூக்குகிறவர்களும் வந்து சேர்வதற்குள் நாலாம் பந்தி ஆகிவிடுகிறது. அவர்கள் இலையில் விழுவது கறியில்லாத பிரியாணிச் சோறு, வெறும் குஸ்காதான். கேட்டால், 'லேட்டா வந்தா அப்படித்தான்' என்கிறார்கள். இதற்கு வேதத்தில் பதில் உண்டா?
– வாசகி, காசிமேடு

பதில்: உண்டு சகோதரி. 1 கொரிந்தியர் 11-ஆம் அதிகாரத்தை 17-ஆம் வசனத்திலிருந்து வாசியுங்கள். 'அவனவன் தன்தன் சொந்தச் சாப்பாட்டை முந்திச் சாப்பிடுகிறான். ஒருவன் பசியாயிருக்கிறான்' என்று பவுல் கண்டிப்பது உங்கள் பந்தியைத்தான். கொரிந்து சபையில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொள்ள, இல்லாதவர்கள் வெறும் வயிற்றோடு நின்றார்கள். 'இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா?' என்று கேட்டுவிட்டு, 33-ஆம் வசனத்தில் 'ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்' என்று முடிக்கிறார். அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்துக்கு முன் நாம் பயத்தோடு வாசிக்கும் 'அபாத்திரமாய்' (தகுதியற்ற விதமாய்) என்ற சொல் இந்தப் பேச்சுக்கு நடுவில்தான் வருகிறது. அதைத் தனிப்பட்ட பாவங்களோடு மட்டும் முடிச்சுப்போட்டுவிட்டு, பந்தியை மறந்துவிடுகிறோம்.

கறி தீர்ந்துபோவது பெரும்பாலும் கரண்டியால்தான், அளவால் அல்ல. முதல் பந்தியில் தெரிந்த முகம் பார்த்து மூன்று துண்டு விழும். 200 பேர் என்றால் 20 கிலோ அரிசி, 20 கிலோ கோழி போதும். அதை ஒரே அண்டாவில் போடாமல், 5 கிலோ வீதம் நான்கு அண்டாவாகப் போடச் சொல்லுங்கள். 50 பேர் பந்திக்கு ஓர் அண்டா. அந்தப் பந்தி உட்கார்ந்த பிறகே தம் உடைக்க, அதாவது அண்டாவின் மூடியைத் திறக்க வேண்டும். கிலோவுக்கு 12 துண்டு வெட்டினால் அண்டாவுக்கு 60. முதலில் இலைக்கு ஒன்று, மிச்சமுள்ள 10 கேட்பவர்களுக்கு. அடுத்த அண்டாவில் கை வைக்கக் கூடாது, யார் கேட்டாலும்.

நேரத்தையும் மாற்றுங்கள். ஏலம் முடிந்து, குளித்து வர எவ்வளவு நேரமாகும் என்று அந்தப் பெண்களிடமே கேட்டு, அதன்படி முதல் பந்தியை வையுங்கள். வயதானவர்கள், சர்க்கரை நோயாளிகள், கைக்குழந்தைக்காரர்கள் முன்னால் உட்காரலாம். அது பட்சபாதம் ஆகாது. நன்கொடைச் சீட்டைக் காட்டி உட்காருவதுதான் பட்சபாதம். பொன்மோதிரக்காரனுக்கு நல்ல இடம், கந்தை உடுத்தவனுக்குப் 'பாதபடி' (கால் வைக்கும் பலகை) அருகே இடம் என்று யாக்கோபு 2-ஆம் அதிகாரம் சொல்வது அதைத்தான்.

கமிட்டியில் பேசும்போது யார் பெயரையும் இழுக்காதீர்கள். அண்டாக் கணக்கை எழுதிக் கொடுங்கள். ஆயரும் கமிட்டியாரும் முதல் மூன்று பந்திக்குப் பரிமாறிவிட்டு, கடைசிப் பந்தியில் உட்காரட்டும்.