பழைய கேஸ் அடுப்பில் ஒரு பர்னர் மட்டும் மஞ்சளாக எரிவது ஏன்?

தர்மபுரி வீட்டில் பழைய இரண்டு பர்னர் அடுப்பு, ஒன்றில் மட்டும் மஞ்சள் தீ, பாத்திரத்தின் அடியெல்லாம் கரி என்று கேட்டிருக்கிறீர்கள். இன்னொரு பர்னர் நீலமாக எரிவதால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் சந்தேகப்பட வேண்டாம். இந்த பர்னருக்குக் காற்று போதவில்லை.

ஜெட் என்கிற சிறு துளையுள்ள முனையிலிருந்து பீறிட்டு வரும் கேஸ், பக்கத்திலுள்ள காற்றையும் இழுத்துக்கொண்டுதான் பர்னருக்குப் போகும் குழாய்க்குள் போகும். வழியில் தூசியோ சிலந்தி வலையோ இருந்தால் காற்று குறையும். முழுதாக எரியாத கரித்துகள்தான் மஞ்சளாக ஒளிர்கிறது. ரெகுலேட்டரை மூடி, அடுப்பு ஆறியதும் பர்னரைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் ஊறவையுங்கள். களி கிண்டும் நம் ஊர்ப்பக்க வீடுகளில் பொங்கி வழிந்த கேழ்வரகு மாவு துளைகளில் இறுகிக் கிடக்கும். விளக்குமாற்றுக் குச்சியால் குத்தி எடுத்து, குழாயையும் பிரஷ் விட்டுத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டினால் தீ படபடக்கும்.

ஜெட்டில் மட்டும் ஊசி விடாதீர்கள். துளை கொஞ்சம் பெரிதானாலும் கேஸ் கூடி, மஞ்சள் இன்னும் மோசமாகும். அடைத்திருந்தால் அடுப்பு ரிப்பேர் செய்பவரிடம் புது ஜெட் மாற்றச் சொல்லுங்கள். அப்புறம், எப்போதாவது கேஸ் வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடி, எந்த ஸ்விட்சையும் தொடாமல் கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே போய் கேஸ் கசிவு அவசர எண் 1906-க்குக் கூப்பிடுங்கள்.