பாய்காட் என்பது யாருடைய பெயர்?

அன்புள்ள ஐயா,

வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தை 'பாய்காட்' செய்தார்கள் என்று செய்தி வரும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம். பாய்காட் என்பது ஒரு மனிதரின் பெயர் என்று எங்கள் ஆங்கில ஆசிரியை சொன்னார். அப்படிப் போராட்டம் நடத்தியவர் அவர்தானா? எங்கள் பக்கத்தில் ஒரு குடும்பத்தை ஊர்விலக்கு வைத்தால் யாரும் அவர்களோடு பேசமாட்டார்கள், கடையில் சாமான் கொடுக்கமாட்டார்கள். அதையும் பாய்காட் என்று சொல்லலாமா? எனக்குப் பிடிக்காத கடைக்கு நான் போவதை நிறுத்திவிட்டால் 'ஐ பாய்காட்டட் தட் ஷாப்' என்று எழுதலாமா? ஆளின் பெயர் என்பதால் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தில் போட வேண்டுமா?

ர.,
தேனி மாவட்டம்

அன்புள்ள ர.,

உங்கள் ஆசிரியை சொன்னது சரி, அது ஒரு மனிதரின் பெயர்தான். ஆனால் போராட்டம் அவருக்கு எதிராக நடந்தது. சார்ல்ஸ் கன்னிங்ஹாம் பாய்காட் 1832இல் இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் பிறந்தவர். ராணுவத்தில் கொஞ்சகாலம் இருந்துவிட்டு அயர்லாந்தில் குடியேறினார். மேயோ மாவட்டத்தில், லாக் மாஸ்க் ஏரிக்கரையில், எர்ன் பிரபு என்ற நிலவுடைமையாளரின் காரியஸ்தராக இருந்தார். வாடகை வசூலிப்பது, கொடுக்காதவர்களை வெளியேற்றுவது இரண்டும் அவர் வேலை.

1879இல் அயர்லாந்தில் விளைச்சல் பொய்த்தது. அந்த ஆண்டு அக்டோபரில் மைக்கேல் டேவிட் முதலானவர்கள் குத்தகைக்காரர்களுக்காக நிலச் சங்கத்தைத் (லேண்ட் லீக்) தொடங்கினார்கள். சார்ல்ஸ் ஸ்டூவர்ட் பார்னெல் அதன் தலைவர். அடுத்த ஆண்டு எர்ன் பிரபு வாடகையில் 10 சதவீதம் குறைப்பதாகச் சொன்னார், குத்தகைக்காரர்கள் 25 சதவீதம் கேட்டார்கள். பிரபு மசியவில்லை.

1880 செப்டம்பர் 19 அன்று என்னிஸ் என்ற ஊரில் பார்னெல் ஒரு கூட்டத்தில் பேசினார். பக்கத்து வீட்டுக்காரனை வெளியேற்றிய நிலத்தை ஒருவன் குத்தகைக்கு எடுத்தால் அவனை என்ன செய்வது என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். சுட்டுக் கொல்லுங்கள் என்று குரல் வந்தது. அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு என்றார் பார்னெல். சாலையில், கடையில், சந்தையில், கோயிலில்கூட அவனை ஒதுக்குங்கள், அந்தக் காலத்தில் தொழுநோயாளியை ஒதுக்கியதுபோல ஒதுக்குங்கள் என்றார்.

பார்னெல் நினைத்தது அடுத்தவன் நிலத்தைப் பிடிக்கும் குத்தகைக்காரனை. மேயோ மக்கள் அதைக் காரியஸ்தர்மீதே திருப்பினார்கள். சில நாட்களுக்குள் வெளியேற்ற நோட்டீஸ் கொடுக்க வந்த ஆளை ஊர்ப்பெண்கள் சேற்றையும் சாணியையும் எறிந்து விரட்டினார்கள். பாய்காட்டின் பண்ணையாட்கள் வேலையை விட்டுப் போனார்கள். பக்கத்து ஊரான பாலின்ரோபின் கடைக்காரர்கள் சாமான் தர மறுத்தார்கள், கொல்லரும் சலவைக்காரியும் விலகினார்கள். பாய்காட் தன் நிலைமையை லண்டன் டைம்ஸுக்குக் கடிதமாக எழுதினார். அக்டோபர் 18 அன்று அது வெளியானது. பண்ணைக்கு வேலை செய்பவர்களுக்கு மிரட்டல் வருவதாக அதில் சொல்கிறார். அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. எல்லோரும் மனமொத்து விலகவில்லை, பயந்து விலகியவர்களும் உண்டு.

கடிதம் வந்ததும் விஷயம் பெரிதானது. பயிர் வயலிலேயே அழுகிவிடக் கூடாது என்று கேவன், மொனஹன் மாவட்டங்களிலிருந்து 50 புராட்டஸ்டண்ட் தொழிலாளர்கள் அறுவடைக்கு வந்தார்கள். அவர்களுக்குக் காவலாக ஏறக்குறைய 1,000 சிப்பாய்களும் போலீசாரும் வந்தார்கள். நவம்பர் மழையில் உருளைக்கிழங்கும் டர்னிப் என்ற கிழங்கும் தோண்டப்பட்டன. சுமார் 500 பவுண்டு பெறுமான விளைச்சலைக் காப்பாற்ற அரசுக்கும் மற்றவர்களுக்கும் ஆன செலவு 10,000 பவுண்டு என்று அப்போதே கணக்குச் சொன்னார்கள். ஒரு டர்னிப்புக்கு ஒரு ஷில்லிங் ஆயிற்று என்றார் பார்னெல். அறுவடை முடிந்ததும் பாய்காட் வீட்டைப் பூட்டிக்கொண்டு இங்கிலாந்துக்குப் போய்விட்டார்.

சொல் பிறந்த கதையை ஜேம்ஸ் ரெட்பாத் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் எழுதிவைத்திருக்கிறார். அவர் அந்தப் பக்கத்துப் பாதிரியார் ஜான் ஓமாலியோடு உணவருந்திக்கொண்டிருந்தார். இப்படி ஒதுக்கிவைப்பதற்கு 'ஆஸ்ட்ரசைஸ்' என்று ஒரு சொல் ஆங்கிலத்தில் ஏற்கெனவே இருந்தது. ஏதென்ஸ் நகரத்தார் ஓட்டுச் சில்லில் பெயர் கீறி ஒருவரை 10 ஆண்டு நாடுகடத்திய வழக்கத்திலிருந்து வந்த சொல் அது. குடியானவர்களுக்கு அது புரியாதே என்று ரெட்பாத் கவலைப்பட்டார். ஓமாலி நெற்றியைத் தட்டி யோசித்துவிட்டு, 'பாய்காட் செய்வது' என்று சொன்னால் என்ன என்று கேட்டாராம். படிக்காத ஒரு விவசாயிக்கு விளங்க வேண்டும் என்பதற்காகவே உண்டான சொல் என்பதால் எனக்கு இதன்மேல் தனிப் பிரியம். அந்த நவம்பரிலேயே லண்டன் பத்திரிகைகள் அதை எழுத ஆரம்பித்துவிட்டன. பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்யன், ஜப்பானியம் எல்லாம் அந்தப் பெயரை அப்படியே எடுத்துக்கொண்டன. காரியம் மட்டும் இந்தச் சொல்லைவிடப் பழையது. 1791 வாக்கிலேயே, அடிமைகள் விளைவித்த சர்க்கரையை வாங்கமாட்டோம் என்று பிரிட்டனில் ஏராளமான குடும்பங்கள் நிறுத்தியிருந்தன.

இனி ஊர்விலக்கு. உங்கள் கடிதத்தில் கனமான கேள்வி இதுதான். பேச்சு இல்லை, கொடுக்கல் வாங்கல் இல்லை, வேலை இல்லை: வெளியே பார்த்தால் லாக் மாஸ்க்கில் நடந்ததும் ஊர்விலக்கும் ஒன்றுபோலவே இருக்கும். ஆங்கிலத்திலும் 'சோஷியல் பாய்காட்' என்றே சொல்கிறார்கள். மகாராஷ்டிரத்தில் இதைத் தடுக்க இயற்றிய 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே அந்தச் சொல் இருக்கிறது. ஆகவே சொல்லலாம், பிழை இல்லை. ஆனால் யார் யாரை ஒதுக்குகிறார்கள் என்று பாருங்கள். மேயோவில் சொந்த நிலமில்லாதவர்கள் நிலப்பிரபுவின் ஆளை ஒதுக்கினார்கள். அவருக்காக ஆயிரம் பேர் காவலுக்கு வந்தார்கள், போவதற்கு வேறு ஊரும் இருந்தது. ஊர்விலக்கில் பெரும்பாலும் நிலமும் கிணறும் கடையும் கையில் உள்ளவர்கள், ஒன்றுமில்லாத குடும்பத்தை ஒதுக்குகிறார்கள். அந்தக் குடும்பத்துக்குப் போக்கிடம் ஏது? 1955 டிசம்பரில் அமெரிக்காவின் மான்ட்கோமரியில் பேருந்தில் நிறம் பார்த்து இருக்கை ஒதுக்கியதை எதிர்த்து, கறுப்பின மக்கள் 381 நாள் அதில் ஏற மறுத்து நடந்தும் வேறு வண்டிகளிலும் போனதும் பாய்காட்தான். இப்படிப்பட்ட போராட்டத்துக்கும் ஊர்விலக்குக்கும் ஒரே வினைச்சொல் இருப்பது எனக்கு உறுத்துகிறது. நீங்கள் எழுதும்போது யார் யாரை பாய்காட் செய்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். தமிழில் ஊர்விலக்கு, புறக்கணிப்பு என்று தனித்தனியாக இருப்பது நல்லதுதான். இலங்கைத் தமிழர்கள் இரண்டாவதைப் பகிஷ்கரிப்பு என்கிறார்கள்.

கடைக்குப் போகாமல் இருந்ததைப் பற்றி: காபி நன்றாக இல்லை என்று நிறுத்தினால் அது 'அவாய்ட்', பாய்காட் ஆகாது. பாய்காட் என்றால் ஒரு எதிர்ப்பு இருக்க வேண்டும், பெரும்பாலும் ஒரு கோரிக்கையும் இருக்கும். ஒருவர் தனியாகவும் செய்யலாம், ஆனால் எதற்காக என்பது வேண்டும். அந்தக் கடை வேலையாட்களுக்குச் சம்பளம் தருவதில்லை என்று நீங்கள் நிறுத்தியிருந்தால் தாராளமாக எழுதலாம். அதே வேலையாட்கள் வேலையை நிறுத்தினால் அது 'ஸ்டிரைக்'.

அப்புறம், இதற்குப் பின்னால் 'ஃப்ரம்', 'டு' எதுவும் வராது. பாய்காட் தி எலெக்ஷன், பாய்காட் தி மீட்டிங் என்று நேரே செயப்படுபொருள்தான். பெயர்ச்சொல்லாகவும் இதே வடிவம், அழுத்தம் முதல் அசையில். பெரிய எழுத்து 1880இல் போட்டார்கள், இப்போது தேவையில்லை. வாக்கியத்தின் முதல் சொல்லாக வந்தால் மட்டும் போடுங்கள்.