படகில் இன்வெர்ட்டர்: கேள்வி பதில்

கேள்வி: விசைப்படகில் 12 வோல்ட் பேட்டரியோடு 1000 வாட் இன்வெர்ட்டர் பொருத்தப் போகிறோம். வீட்டு வேலையில் மிஞ்சிய 6 சதுர மி.மீ. ஒயர் போதுமா? (தூத்துக்குடி)

பதில்: போதவே போதாது. 230 வோல்ட் பக்கம் 1000 வாட்டுக்கு நாலரை ஆம்பியர்கூட ஓடாது. பேட்டரி பக்கம், இழப்பையும் சேர்த்தால், 95 ஆம்பியரை நெருங்கும். எல்லோரும் 230-க்குப் பயப்படுகிறார்கள். படகில் தீப்பிடிக்க 12 வோல்ட்டே போதும். இன்வெர்ட்டர் இரண்டு மீட்டருக்குள் இருந்தால் 35 சதுர மி.மீ. செம்புக் கேபிள் போடுங்கள். வெள்ளீயம் பூசியதாக இருந்தால் உப்புக்காற்றில் பச்சை பூக்காது. நுனியை முறுக்கிச் சுற்றுவது வேண்டாம். லக் (கேபிள் நுனியில் மாட்டும் உலோக வளையம்) வைத்து அழுத்துங்கள். முழு லோடில் பத்து நிமிடம் ஓட்டி, அணைத்துவிட்டு லக்கைத் தொடுங்கள். கை சுட்டால் இணைப்பு சரியில்லை.

கேள்வி: இன்வெர்ட்டருக்குள்ளேயே ஃபியூஸ் இருக்கிறதே, வெளியே எதற்கு இன்னொன்று? (நாகப்பட்டினம்)

பதில்: உள்ளே இருப்பது இன்வெர்ட்டருக்கு. கேபிளை யார் காப்பது? இன்ஜின் அதிர்வில் உறை தேய்ந்து பாசிட்டிவ் கேபிள் இன்ஜின் உடலைத் தொட்டால், பேட்டரியின் முழு வேகமும் அந்த இடத்தில் இறங்கும். அதனால் ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். மேலே சொன்ன கேபிளுக்கு 125 ஆம்பியர் சரியாக இருக்கும்.

கேள்வி: இன்வெர்ட்டரை இன்ஜின் அறையில் வைக்கலாமா?

பதில்: வேண்டாம், அங்கே சூடு அதிகம். பெட்ரோல் இன்ஜின் என்றால் பேச்சே இல்லை. ஒரு பொறி போதும். பேட்டரிக்கு நேர் மேலேயும் கூடாது. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். கேபின் சுவரில், அலை தெறிக்காத இடத்தில், காற்றோட்டம் விட்டு மாட்டுங்கள்.

கேள்வி: ஜெனரேட்டரும் இருக்கிறது. இரண்டையும் ஒரே போர்டில் இணைக்கலாமா? (ராமேஸ்வரம்)

பதில்: சேஞ்ச்ஓவர் சுவிட்ச் (ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் இணைப்பது) வழியாக மட்டும். ஒரே லைனில் இரண்டும் சந்தித்தால் இன்வெர்ட்டர் அந்த நொடியே போய்விடும். போர்டில் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம் வையுங்கள். இன்வெர்ட்டரின் நியூட்ரல் எர்த்தோடு இணையாமல் இருந்தால் அது ஷாக்கில் டிரிப் ஆகாமல் போகலாம். கையேட்டைப் பார்த்து எலக்ட்ரீஷியனிடம் சரிபாருங்கள்.

கேள்வி: வயர்லெஸ், ஜி.பி.எஸ். இரண்டையும் இன்வெர்ட்டரில் போடலாமா?

பதில்: எதற்கு? அவை 12 வோல்ட்டிலேயே ஓடுபவை. ஃபியூஸ் வைத்து நேராகக் கொடுங்கள். இன்வெர்ட்டருக்குத் தனி பேட்டரி வையுங்கள். இரவெல்லாம் விசிறி ஓடி, விடியற்காலையில் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாவிட்டால் நடுக்கடலில் தள்ளிவிட ஆள் வரமாட்டார்கள்.