தகுதியும் நிர்வாகக் குழுவும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க மருத்துவமனைகளின் நிர்வாகக் குழுக்களில் கறுப்பினத்தவரும் பெண்களும் குறைவாக இருப்பதைக் குறித்த உங்கள் கட்டுரையை வாசித்தேன். மருத்துவமனையில் பார்க்கவேண்டியது தகுதி மட்டும்தானே? மேலே அமர்ந்திருப்பவரின் நிறமும் பாலினமும் சிகிச்சையை எப்படி மாற்றும்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தகுதி வேண்டும் என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அந்த இடங்கள் தகுதியை அளந்துதான் நிரப்பப்படுகின்றன என்று நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள். அங்குள்ள லாப நோக்கற்ற மருத்துவமனைகள் பலவற்றில் ஓரிடம் காலியானால், இருக்கும் உறுப்பினர்களே அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வங்கியாளர், வழக்கறிஞர், நன்கொடை திரட்டித் தரக்கூடிய தொழிலதிபர் எனத் தங்கள் அறிமுக வட்டத்துக்குள்ளேயே தேடுகிறார்கள். (இவர்களுடைய மருத்துவ அறிவைப் பற்றி எவரும் கேட்பதில்லை என்பதையும் கவனியுங்கள்.) 2015ஆம் ஆண்டுக்கான கணக்கெடுப்பு ஒன்றின்படி, அதில் பங்கேற்ற மருத்துவமனைகளின் நோயாளிகளில் 32 விழுக்காட்டினர் சிறுபான்மை இனத்தவர், நிர்வாகக் குழுக்களில் அவர்கள் 14 விழுக்காடு, உயர் நிர்வாகப் பதவிகளில் 11 விழுக்காடு மட்டுமே. பெண்களின் நிலையோ உலகெங்கும் ஒன்றுதான்: சுகாதாரப் பணியாளர்களில் 70 விழுக்காட்டினர் பெண்களாக இருந்தும், உயர் பொறுப்புகளில் அவர்கள் 25 விழுக்காடுதான் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது.

சிகிச்சைக்கு வருகிறேன். விரல் நுனியில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர், ஒளியை விரலுக்குள் செலுத்தி இரத்தத்தின் ஆக்சிஜனை அளக்கிறது. தோலின் நிறமியும் அந்த ஒளியை உறிஞ்சுவதால், கருத்த தோலில் அது உண்மையைவிடக் கூடுதலான அளவைக் காட்டிவிடக்கூடும். 2020 டிசம்பரில் மிச்சிகன் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், கருவி 92 முதல் 96 விழுக்காடு வரை காட்டியபோதே உண்மையான அளவு 88 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியிருந்த நிலை, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. இந்தக் குறை 1990லேயே மருத்துவ இதழில் பதிவாகியிருந்தது. குழுவில் கறுப்பினத்தவர் இருந்திருந்தால் இது முன்பே சரியாகியிருக்கும் என்று நான் வாதிடமாட்டேன். ஆனால் தர அறிக்கை ஒரே சராசரி எண்ணாக மேசைக்கு வரும்போது, அதை இனவாரியாகவும் பால்வாரியாகவும் பிரித்துக் காட்டுங்கள் என்று கேட்க வேண்டிய இடம் அந்தக் குழுதான். அந்தச் சராசரியால் பாதிக்கப்படாதவர்களுக்கு அப்படிக் கேட்கத் தோன்றுவது அரிது.

ஒரே ஒருவரை அமர்த்திவிட்டு ஆண்டறிக்கையில் படம் போட்டுக்கொள்வதால் பயனில்லை என்ற உங்கள் ஐயம் நியாயமானதே, நீங்கள் அதை நேரடியாகச் சொல்லாவிட்டாலும். நிதி, தரம், நியமனம் ஆகிய துணைக் குழுக்களில் அவருக்கு இடம் தராமலும், பழைய உறுப்பினர்களுக்குப் பதவிக்கால வரம்பு வைக்காமலும் செய்யப்படும் நியமனங்களை நானும் பொருட்படுத்துவதில்லை.