மனுக்கா தேன்: நாட்டைப் பார்ப்பதா, நம்பரைப் பார்ப்பதா?

கேள்வி: இங்கே சூப்பர் மார்க்கெட்டில் ஒரே அலமாரியில் நியூசிலாந்து மனுக்கா தேனும் ஆஸ்திரேலிய மனுக்கா தேனும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஆக்லாந்தில் இருக்கும் என் நாத்தனார், "ஆஸ்திரேலியாவில் விற்பதெல்லாம் டூப்ளிகேட்" என்று அடித்துச் சொல்கிறார். இரண்டுமே யானை விலை, குதிரை விலை. எதை நம்பி வாங்குவது?
– ஒரு வாசகி, மெல்பர்ன்

பதில்: உங்கள் நாத்தனார் சொல்வது அவர் வீட்டு அபிப்பிராயம் மட்டுமல்ல. நியூசிலாந்துத் தேன்காரர்கள் பல வருடங்களாக வழக்காடி வரும் கட்சி அது. ஆனால் முக்கியமான இரண்டு இடங்களில் அது எடுபடவில்லை. 'மனுக்கா ஹனி' என்ற பெயரைத் தங்களுக்கே உரிய சான்றிதழ் முத்திரையாகப் பதிய அவர்கள் விண்ணப்பித்தார்கள். 2021 டிசம்பரில் பிரிட்டன் மறுத்தது. 2023 மே மாதம் சொந்த நாடான நியூசிலாந்தின் அறிவுசார் சொத்துரிமை அலுவலகமே மறுத்துவிட்டது.

அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. மனுக்கா என்பது இந்தத் தேன் கிடைக்கும் பூச்செடிக்கு நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகள் வைத்த பெயர். அந்தச் செடியை மாவோரி மக்கள் தங்கள் பரம்பரைச் சொத்தாகக் கருதுகிறார்கள். அந்தப் பெயரை வைத்து மற்றவர்கள் காசு பார்க்கும்போது வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் லெப்டோஸ்பெர்மம் ஸ்கோபேரியம் என்கிற அந்தப் புதர்ச்செடி நியூசிலாந்தோடு நிற்கவில்லை. டாஸ்மேனியாவிலும், நீங்கள் இருக்கும் விக்டோரியாவிலும் இயற்கையாகவே வளர்கிறது. ஆஸ்திரேலியாவில் அதே இனத்தில் 80-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. வடக்கு நியூ சவுத் வேல்ஸின் ஜெல்லிபுஷ் உட்பட அவற்றில் சில, அதே குணமுள்ள தேனைத் தருகின்றன. டாஸ்மேனியாவுக்கு ஐரோப்பியத் தேனீ வந்தது 1831-ல், நியூசிலாந்துக்கு வந்தது 1839-ல், ஆகவே இந்தத் தேனில் தாங்கள்தான் முந்தி என்பதையும் ஆஸ்திரேலியர்கள் விடாமல் ஞாபகப்படுத்துவார்கள். என் கணக்கில் இது பெயர் யாருக்கு என்ற சண்டை. புட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதற்கு அதில் பதில் கிடைக்காது.

புட்டிக்குள் தேட வேண்டியது மெத்தில்கிளையாக்சால், சுருக்கமாக எம்ஜிஓ. மனுக்கா தேனில் கிருமியை அடக்கும் சக்தி வேறு தேன்களைவிட வித்தியாசமாக இருப்பதை 1980-களில் நியூசிலாந்தின் வைக்காட்டோ பல்கலைக்கழகத்தின் பீட்டர் மோலன் கவனித்தார். அதற்குக் காரணம் எம்ஜிஓதான் என்பது 2008-ல்தான் தெரிந்தது. பூவின் மதுவில் டைஹைட்ராக்சி அசிட்டோன் என்று ஒன்று உண்டு. தேன் கிடக்கக் கிடக்க அது கொஞ்சம் கொஞ்சமாக எம்ஜிஓவாக மாறும். செடி எந்த நாட்டில் நின்றாலும் இந்த மாற்றம் ஒன்றுதான்.

இப்போது புட்டியைத் திருப்பிப் பாருங்கள். பலர் ஏமாறும் இடம் இதுதான். ஒன்றில் 'யூஎம்எஃப் 10+' (நியூசிலாந்துத் தேன்காரர்கள் சங்கத்தின் தர முத்திரை) என்றிருக்கும், பக்கத்தில் 'எம்ஜிஓ 30+' என்றிருக்கும். முப்பதுதான் பெரிது என்று எடுத்துவிடாதீர்கள். எம்ஜிஓ 30 என்றால் கிலோவுக்குக் குறைந்தது 30 மில்லிகிராம் எம்ஜிஓ, அவ்வளவுதான். யூஎம்எஃப் 10 என்றாலோ கிலோவுக்குக் குறைந்தது 263 மில்லிகிராம். யூஎம்எஃப் 5 என்றால் 83, 15 என்றால் 514, 20 என்றால் 829. 'ஆக்டிவ் 15+', 'பயோ ஆக்டிவ்' என்று மொட்டையாகப் போட்டிருந்தால், எதை அளந்த எண் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.

எண்ணிலும் தில்லுமுல்லு நடக்கும். செயற்கையாகத் தயாரித்த எம்ஜிஓவைத் தேனில் கலந்ததற்காக அபராதம் விதிக்கப்பட்ட ஒரு நிறுவனம் ஆக்லாந்தில்தான் இருந்தது. நாத்தனாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். இதனால்தான் யூஎம்எஃப் முத்திரைக்கு லெப்டோஸ்பெரின் என்ற பொருளையும் சோதிக்கிறார்கள். அது இந்தச் செடி இனத்தின் மதுவிலிருந்து வருவது, போலி செய்வது கஷ்டம். ஆகவே எந்த நாட்டுப் புட்டியானாலும் எம்ஜிஓ எண், பேட்ச் எண், அந்த பேட்சின் சோதனை அறிக்கை மூன்றும் வேண்டும். இவை இருந்தால் ஆஸ்திரேலியத் தேனைத் தயங்காமல் வாங்கலாம்.

டீயில் கலக்கவும் பிரெட்டில் தடவவும்தான் என்றால் இரண்டுமே வேண்டாம், சாதாரண நல்ல தேன் போதும். சாப்பிடுவதால் மனுக்கா மற்றத் தேனைவிட அதிகம் செய்கிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. அந்த லேசான கசப்பும் ஜெல்லி மாதிரிக் கெட்டியும் பிடித்திருக்கிறதா? குறைந்த எண்ணுள்ளதே தாராளம்.

கேள்வி: தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, நாய் நக்குகிறதா என்று பார்ப்பது போன்ற நம் ஊர்ச் சோதனைகள் மனுக்காவுக்குச் சரிப்படுமா?

பதில்: எந்தத் தேனுக்கும் சரிப்படாது. கெட்டியான சர்க்கரைப் பாகும் தண்ணீரில் நூலாக அடிக்குத்தான் போகும். மனுக்கா விஷயத்தில் மைக்ராஸ்கோப்பே திணறுகிறது. கானுக்கா என்ற பங்காளிச் செடியின் மகரந்தம் கிட்டத்தட்ட அச்சு அசலாக மனுக்காவினுடையது போலவே இருக்கும். அதனால் நியூசிலாந்து அரசு 2018 முதல், ஏற்றுமதியாகும் மனுக்கா தேனுக்கு நான்கு வேதிப்பொருள்களும் ஒரு டிஎன்ஏ அடையாளமும் கொண்ட சோதனையைக் கட்டாயமாக்கியது. 'மோனோஃப்ளோரல்' என்றால் பெரும்பாலும் மனுக்கா, 'மல்டிஃப்ளோரல்' என்றால் பிற பூக்களின் தேனும் சேர்ந்தது. இந்த விதி ஏற்றுமதிக்குத்தான். உள்ளூர்ச் சந்தையில் லேபிள் இல்லாத புட்டியை மலிவு என்று வாங்கி வருபவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

கேள்வி: அப்பாவுக்குச் சர்க்கரை நோய். காலில் ஆறாத புண். மனுக்கா தேன் வாங்கித் தடவலாமா?

பதில்: கடைப் புட்டியை அதற்குத் திறக்காதீர்கள். மருத்துவமனைகளில் புண்ணுக்குப் பயன்படுத்துவது காமா கதிரால் கிருமி நீக்கிய மருத்துவத் தரத் தேன்; கட்டுத்துணியாகவும் டியூபாகவும் வரும். அதையும் டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகுதான் போட வேண்டும். சர்க்கரை நோயாளியின் கால் புண்ணில் ஒரு வாரம் தாமதம்கூட ஆபத்து, முதலில் அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். வீட்டில் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் மனுக்கா உட்பட எந்தத் தேனையும் நாக்கில் வைக்கக் கூடாது. பாட்டுலிசம் என்ற நச்சு பாதிப்பு வரலாம்.