மகேந்திரகிரியும் கூடங்குளமும் ஒன்றல்ல, அண்ணாச்சி

அண்ணாச்சி, போன வாரம் நாகர்கோவிலில் என்னைப் பார்க்க வந்தபோது உங்கள் மகளின் வேலைக்காக எழுதிய ஒரு தாளைச் சட்டைப்பையில் இருந்து எடுத்து நீட்டினீர்கள். இஸ்ரோ, கூடங்குளம், மணவாளக்குறிச்சி மணல் ஆலை, ரப்பர் போர்டு, ரயில்வே, தபால் ஆபீஸ், எல்.ஐ.சி. என்று வரிசையாக ஏழு பெயர். கீழே கோடு போட்டு, ‘எல்லாம் சென்ட்ரல் கவர்மெண்ட். இதில் எது கிடைத்தாலும் சரி’ என்று எழுதியிருந்தீர்கள். இந்த ஏழில் மூன்றுதான் நேரடி அரசுத் துறை என்று நான் சொன்னதும் உங்கள் முகம் வாடிவிட்டது. அன்று வெளியே கூட்டம் காத்திருந்ததால் விளக்க முடியவில்லை. இப்போது எழுதுகிறேன்.

இஸ்ரோ மையம் இருக்கிற மகேந்திரகிரியையும் அணுமின் நிலையம் இருக்கிற கூடங்குளத்தையும் எடுத்துக்கொள்வோம். இரண்டும் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருக்கின்றன, ஆனாலும் நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் தினமும் வண்டி ஏறிப் போய்வருகிற தூரம். மெக்கானிக்கல் படித்த உங்கள் மகள் இஸ்ரோவில் ‘சயின்டிஸ்ட்/இன்ஜினியர் எஸ்.சி.’ (எஸ்.சி. என்பது பதவியின் நிலை, சாதிப் பிரிவு அல்ல) ஆகச் சேர்ந்தால் மத்திய அரசுச் சம்பள அட்டவணையில் லெவல் 10, ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். கூடங்குளத்தை நடத்தும் இந்திய அணுமின் கழகத்தில் எக்ஸிகியூட்டிவ் டிரெய்னியாகச் சேர்ந்து பயிற்சி முடித்தாலும் அதே லெவல் 10, அதே 56,100. சம்பளச் சீட்டை மட்டும் பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஆனால் முதலாளி வேறு. இஸ்ரோ என்பது விண்வெளித் துறை. அந்தத் துறைக்குப் பொறுப்பு பிரதமர். துறையின் செயலாளர்தான் இஸ்ரோ தலைவர். நாடாளுமன்றம் பட்ஜெட்டில் ஒதுக்கும் பணத்தில் இருந்து சம்பளம் வருகிறது. அங்கே சேருகிறவர் மத்திய அரசு ஊழியர். அரசியல் சட்டத்தின் 311-வது பிரிவு அவருக்குக் காவல்: குற்றச்சாட்டைச் சொல்லி, விசாரித்து, பதில் சொல்ல வாய்ப்புக் கொடுத்த பிறகுதான் வேலையை விட்டு நீக்கலாம். சில விதிவிலக்குகள் உண்டு, ஆனால் அடிப்படை அதுதான்.

அணுமின் கழகமோ 1987-இல் பதிவான கம்பெனி. அணுசக்தித் துறையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது, பங்குகள் அரசின் கையில். அதற்கென்று இயக்குநர் குழு உண்டு. வேலை விதிகளை அந்தக் குழுவே வகுக்கும். கணக்கைத் தணிக்கை செய்ய ஆடிட்டரை நியமிப்பவர் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர். செயல்பாட்டை ஆராய்ந்து கேள்வி கேட்க நாடாளுமன்றத்தில் பொதுத்துறை நிறுவனங்களுக்கான குழு இருக்கிறது. அரசின் பிடி இத்தனை இருந்தும் ஊழியர் அரசு ஊழியர் ஆவதில்லை, 311-உம் அவருக்குப் பொருந்தாது. அதற்காகப் பயப்பட வேண்டாம். இப்படிப்பட்ட நிறுவனங்களையும் நீதிமன்றங்கள் ‘அரசு’ என்றே கருதுவதால், அநியாயம் நடந்தால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு போடலாம்.

மணல் ஆலையை நடத்துவதும் ஒரு கம்பெனிதான். 1950-இல் தொடங்கியது, 1963-இல் அணுசக்தித் துறையின்கீழ் வந்தது. கடற்கரை மண்ணை அள்ளும் ஆலைக்கும் அணுசக்திக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். நம் கடற்கரை மணலில் மோனசைட் என்ற தாது இருக்கிறது, மோனசைட்டில் அணு எரிபொருளுக்கு உதவக்கூடிய தோரியம் இருக்கிறது, அதுதான் உறவு.

கம்பெனி என்றால் பங்கு இருக்கும், பங்கு இருந்தால் விற்கலாம். ஏர் இந்தியா 2022 ஜனவரியில் டாடா கைக்குப் போனது. டெலிபோன்ஸ் கதை உங்களுக்கே தெரியும். தொலைபேசித் துறையாக இருந்தது 2000 அக்டோபர் 1-இல் பி.எஸ்.என்.எல். கம்பெனி ஆனது. 2019-இல் அறிவித்த விருப்ப ஓய்வுத் திட்டத்தில் சுமார் 78,000 பேர் வெளியேறினார்கள். துறையில் சேர்ந்து கம்பெனிக்கு மாறியவர்களுக்கு அரசு பென்ஷன் உண்டு. கம்பெனி ஆன பிறகு நேரடியாகச் சேர்ந்தவர்களுக்கு அது இல்லை. ஒரே மேசையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள்தான்.

பென்ஷன் என்றதும் இன்னொன்று. 2004 ஜனவரி 1 முதல் சேர்ந்த மத்திய அரசு ஊழியர்களுக்கும், ராணுவம் நீங்கலாக, பழைய பென்ஷன் கிடையாது. தேசிய ஓய்வூதியத் திட்டம்தான். 2025 ஏப்ரலில் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் வந்தது, புதிதாகச் சேருகிறவர் விரும்பினால் அதைத் தேர்ந்தெடுக்கலாம். 25 வருடம் வேலை பார்த்தால் கடைசி 12 மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் பாதி கிடைக்கும். அது அரசு ஊழியருக்கு வந்தது, கம்பெனிக்காரர்களுக்குத் தானாக வந்துவிடாது.

ரப்பர் போர்டு மூன்றாவது ரகம். குலசேகரம், அருமனைப் பக்கத்து விவசாயிகள் மார்த்தாண்டம் அலுவலகத்துக்குப் போய்வருவார்களே, அதுதான். 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த வாரியம், தலைமையகம் கோட்டயம், மேலே வர்த்தக அமைச்சகம். பங்கு கிடையாது. ஆனால் நாடாளுமன்றம் நினைத்தால் சட்டத்தை மாற்றலாம். எல்.ஐ.சி.யும் 1956-இல் சட்டத்தால் பிறந்ததுதான், ஆனால் 2022-இல் அதன் பங்குகள் சந்தைக்கு வந்துவிட்டன. பாதி சட்டப் பிள்ளை, பாதி சந்தைப் பிள்ளை என்று வேடிக்கையாகச் சொல்வேன்.

ரயில்வேயும் தபாலும் நேரடித் துறைகள். அதிலும் கவனம் வேண்டும். ரயில்வே வேறு, ரயில்வே அமைச்சகத்தின்கீழ் உள்ள கம்பெனியான ஐ.ஆர்.சி.டி.சி. வேறு. தபாலில் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்து எடுக்கும் கிராமின் டாக் சேவக் வேலைக்கு நம் மாவட்டத்தில் அடிதடி. அது முழுநேர அரசுப் பணி அல்ல, தனி விதிகள். உள்தேர்வு எழுதி மேலே போகலாம் என்பது மட்டும் உண்மை.

அப்புறம், உங்களிடம் ஒரு புரோக்கர் பேசியதாகச் சொன்னீர்கள். கூடங்குளத்திலும் மகேந்திரகிரியிலும் ‘வேலை பார்க்கிறான்’ என்று ஊரில் சொல்லப்படும் பையன்களில் பலர் ஒப்பந்ததாரரின் ஆட்கள். வேலை கண்ணியமானதுதான். ஆனால் முதலாளி அரசும் இல்லை, கம்பெனியும் இல்லை. ‘ரெண்டு வருஷத்தில் பெர்மனென்ட்’ என்று சொல்லிப் பணம் கேட்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இப்படித் தென்னந்தோப்பை அடமானம் வைத்துக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்து அழுத அப்பாவை எனக்குத் தெரியும். நிரந்தர வேலைக்கு விளம்பரம் வரும், தேர்வோ நேர்காணலோ நடக்கும். நியமன ஆணை யார் பெயரில் வருகிறது என்று பாருங்கள். அந்த ஒரு வரி முதலாளி யார் என்று சொல்லிவிடும்.

வீட்டுக்குப் பக்கத்தில் என்பதற்காக கூடங்குளத்தை எழுதியிருந்தால் அந்தக் கணக்கையும் மாற்றுங்கள். அணுமின் கழகத்துக்குத் தாராப்பூரிலும் ராவத்பாட்டாவிலும் நரோராவிலும் நிலையங்கள் உண்டு. மணல் கம்பெனிக்கு சவராவிலும் ஒடிசாவின் சத்ரப்பூரிலும் ஆலைகள். இஸ்ரோ என்றால் ஸ்ரீஹரிகோட்டாவோ அகமதாபாத்தோகூட வரலாம்.

என் எண்ணத்தைக் கேட்டால், உங்கள் பிள்ளைக்கு நான் முதலில் சொல்வது அணுமின் கழகம். ‘கம்பெனி’ என்ற சொல்லுக்காக அதை ஒதுக்காதீர்கள். அவள் பேச்சில் எந்திரத்தை ஓட்டுகிற ஆசை தெரிந்தது, ஆராய்ச்சி ஆசை அவ்வளவாகத் தெரியவில்லை. அங்கே ‘கேட்’ (GATE) என்ற பொறியியல் தகுதித் தேர்வு மதிப்பெண்ணை வைத்துத்தான் நேர்காணலுக்கு அழைப்பார்கள். கேட் விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்ட், செப்டம்பரில் திறக்கும். இஸ்ரோ அறிவிப்பு வந்தால் அதற்கும் போடட்டும்.

அடுத்த முறை வரும்போது அவளையும் கூட்டி வாருங்கள். அந்தத் தாளில் அவள் கையெழுத்து ஒரு வரிகூட இல்லை.